ஃபர்ஸ்ட் குரூப்பும் கடைசி பஸ்ஸும்

பள்ளிக்கு வழிகாட்டி நிகழ்ச்சி நடத்த வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். "உனக்கு என்ன ஆகணும்னு ஆசை?" பிள்ளைகள் எழுந்து டாக்டர் என்பார்கள், கலெக்டர் என்பார்கள், போலீஸ் என்பார்கள். வந்தவர் எல்லோரையும் கைதட்டச் சொல்வார். கனவு காண வேண்டும், தன்னம்பிக்கை வேண்டும், செல்போனைத் தொடக் கூடாது என்பார். ஒரு மணி நேரத்தில் நிகழ்ச்சி முடிந்து, தலைமையாசிரியர் அறையில் காபி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

விருதுநகர் மாவட்டத்து அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிகளில் 22 வருடங்களாக இயற்பியல் நடத்துகிறேன். வருடந்தோறும் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை மேசையில் என்னை உட்கார வைத்துவிடுவார்கள். ஆசை என்ற சொல்லை அந்த மேசையில் நான் கேட்டதே குறைவு. அங்கே பேசப்படுவது பஸ் நேரம், அண்ணன் படிப்புச் செலவு, பெரியவளுக்குப் பார்த்து வைத்திருக்கும் வரன், ஊர் வாய். இவ்வளவும் பேசி முடித்த பிறகு படிவத்தில் 'மாணவி விரும்பும் பாடப்பிரிவு' என்ற கட்டத்தை நிரப்புகிறோம்.

இந்தக் கட்டம் பொய் சொல்கிறது என்பதுதான் என் வழக்கு.

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு வெகுநாளானவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் சேர்ந்தது ஃபர்ஸ்ட் குரூப். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியலும் உண்டு. கணக்கைக் கழித்தால் சயின்ஸ் குரூப். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் சேர்ந்தது காமர்ஸ் குரூப். கடைசியில் தொழிற்கல்வி. 15 வயதில் இதில் எதில் விழுகிறாளோ, பிறகு அவளுக்குத் திறக்கும் கதவுகளில் பாதி அதிலேயே முடிவாகிவிடுகிறது. காமர்ஸ் படித்தவள் பின்னால் மனம் மாறி பொறியியல் படிக்க முடியாது, மருத்துவமும் முடியாது. காமர்ஸ் மட்டமான பாடம் என்று சொல்லவில்லை. கணக்குப்பதிவியலை உயிராக நினைத்துப் படித்து ஆடிட்டர் ஆனவளையும் எனக்குத் தெரியும். பிடிக்காதவளை ஏன் அதில் தள்ளுகிறோம் என்பதுதான் பேச்சு.

தொழிற்கல்விப் பிரிவைப் பாருங்கள். நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிகளில் அது நர்சிங், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் பள்ளியில் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல். பெண் பிள்ளை மோட்டாரைக் கழற்றி மாட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கழற்றுவதற்கு எங்கள் பள்ளியில் மோட்டார் இல்லை, தையல் மெஷின் இருக்கிறது.

ஒரு சேர்க்கை நாள். பிள்ளை கணக்கில் 97. அப்பா கூட வந்திருந்தார்.

"காமர்ஸ் போடுங்க டீச்சர்."

"கணக்குல இவ்வளவு எடுத்திருக்கா. ஃபர்ஸ்ட் குரூப் தாராளமாக் கிடைக்குமே?"

"ஃபர்ஸ்ட் குரூப்புன்னா ஸ்பெஷல் கிளாஸ் வைப்பீங்க. அஞ்சே முக்கா பஸ்ஸ விட்டா அப்புறம் எட்டு மணிக்குத்தான் எங்க ஊருக்கு. பொம்பளப் புள்ள, டீச்சர்."

"புள்ள என்ன சொல்லுது?"

"அவளும் அதான் சொல்றா. நீங்களே கேளுங்க."

கேட்டேன். "எனக்கும் காமர்ஸ்தான் பிடிக்கும் டீச்சர்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

பத்து வருடம் கழித்து யாராவது ஒரு ஆய்வு மாணவர் கேள்வித்தாளோடு வந்து, 'நீங்கள் இப்பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன?' என்று கேட்டால் இவள் எதில் டிக் அடிப்பாள்? 'தனிப்பட்ட ஆர்வம்' என்ற கட்டத்தில்தான். அப்பா பக்கத்தில் நிற்கும்போது பதினைந்து வயதுப் பிள்ளை வேறென்ன சொல்லும்? கிடைக்காது என்று தெரிந்த ஒன்றைக் கேட்டு அவமானப்படுவதைவிட, கிடைப்பதையே தனக்குப் பிடித்ததாகச் சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சுகிறது. இது பிள்ளைகளின் தன்மானம். இதை எடுத்துப்போய் 'பெண்களுக்குக் கணிதத்தில் ஆர்வம் குறைவு' என்று எழுதுகிறவர்களைத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் அண்ணன் அதே ஊரிலிருந்து அதே எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறவன்தான். கூடுதலாக டியூஷனுக்கும் போனான்.

பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நன்றி கெட்ட பேச்சாகும். மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் பிறகு எல்லோருக்குமானது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. இவை எத்தனை பிள்ளைகளை வாசல் தாண்ட வைத்தன என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் டிக்கெட்டைத்தான் இலவசமாக்க முடிந்தது. நேரத்தை எந்த அரசும் இலவசமாக்கவில்லை. சைக்கிளோ பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகு வருகிறது. எந்தப் பள்ளி, எந்தக் குரூப் என்பது அதற்குள் முடிவாகியிருக்கும்.

சரி, தூரமும் இருட்டும்தான் பிரச்சினை என்று ஒப்புக்கொள்வோம். அப்படியானால் பஞ்சாலை வேனுக்கு என்ன பதில்?

எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு மில் ஏஜெண்டுகள் வருவது புதிதல்ல. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த, முடிக்காத பெண்பிள்ளைகளைக் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு ஏற்றிப் போவார்கள். மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாகப் பணம், அது கல்யாணத்துக்கு. சுமங்கலித் திட்டம் என்று இதற்கு மங்களகரமான பெயரே வைத்தார்கள். அங்கே இரவு ஷிஃப்ட் உண்டு. ஊர் ஐந்து மாவட்டம் தள்ளி. ஆறு மணி பஸ்ஸுக்கு அஞ்சிய அதே அப்பா, பிள்ளையை இந்த வேனில் ஏற்றிவிடுகிறார். வறுமை காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வறுமை மட்டுமே காரணமென்றால் பக்கத்து டவுனில் ஃபர்ஸ்ட் குரூப் ஏன் தூரமாகிறது? வேன் வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறது. விடுதியை இரவில் பூட்டுகிறார்கள். யாரோடு பேசுகிறாள் என்பதைப் பார்க்க வார்டன் இருக்கிறார். காவலோடு கூடிய தூரம் பிரச்சினையில்லை. காவல் இல்லாத இருபது கிலோமீட்டர்தான் பயம்.

எதற்கு இந்தக் காவல்? இங்கேதான் நம்முடைய மேடைகள் மென்று விழுங்குகின்றன. 'பாதுகாப்பு' என்று சொல்லும் பெற்றோர்களில் பலருடைய மனதில் இருப்பது பஸ்ஸில் உரசுகிறவன் இல்லை. அவனை எல்லா அம்மாக்களும் சேஃப்டி பின்னோடு சமாளித்தவர்கள்தான். பயம், கூடப் படிக்கிற பையனிடம். இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், கூடப் படிக்கிற வேற்றுச் சாதிப் பையனிடம். சங்கரும் கௌசல்யாவும் பொறியியல் கல்லூரியில் படிக்கும்போது பழகியவர்கள். 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அந்த வருடச் சேர்க்கையில் என் மேசைக்கு முன்னால் இரண்டு அப்பாக்கள் அந்தச் செய்தியைச் சொன்னார்கள். கொலை செய்தவர்கள் மீது கோபப்பட்டு அல்ல. "இஞ்சினியரிங் அனுப்புனா இதான் டீச்சர் நடக்கும், ஆர்ட்ஸ் காலேஜ் லேடீஸ் காலேஜாப் பாத்துச் சேத்துருவோம்" என்றார்கள். கொலைகாரனுக்குப் போட வேண்டிய பூட்டை மகளின் பாடப்பிரிவுக்குப் போட்டார்கள். நாம் இதைத் 'தொழில் தேர்வில் சமூகக் காரணிகள்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். அதன் பெயர் சாதி. பெண்ணின் கருப்பையைக் காவல் காக்காமல் சாதி பிழைக்காது. அந்தக் காவல் வேலையைப் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைப் படிவமும் செய்கிறது.

அடுத்தது தங்கம். பையனை இன்ஜினியரிங் சேர்க்க நிலத்தை அடமானம் வைத்தவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெண்ணுக்கும் வீட்டில் பணம் இருக்கும். ஆனால் அது ஏற்கெனவே நகையாகிவிட்டிருக்கும், இல்லை நகைச்சீட்டில் ஏறிக்கொண்டிருக்கும். அவளுடைய படிப்பு அவளுடைய கல்யாணத்தோடேயே போட்டி போட வேண்டியிருக்கிறது. இதில் இன்னொரு கொடுமை, படிப்பு கூடினால் நகை குறையும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. "இவளை எம்.எஸ்ஸி. படிக்க வெச்சா அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளைக்கு எங்கிட்டுப் போறது, அவன் கேக்குறத யாரு போடுறது?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். இன்றைய கல்யாணச் சந்தையின் விலைப்பட்டியலை வைத்துப் பார்த்தால் அவர் கேட்டதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை.

இதில் அரசின் பங்கையும் சொல்ல வேண்டும். 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்தது. அதே 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டத்தையும் தொடங்கியது. படித்திருந்தால்தான் உதவி என்று வைத்ததால் பெண்ணைப் பள்ளியில் நிறுத்தி வைக்க அது உதவியது, உண்மை. 2011இல் அதில் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. பட்டம், பட்டயம் படித்தவளுக்கு 50,000 ரூபாய், பத்தாவது வரை என்றால் 25,000. 2016இல் தங்கம் 8 கிராம் ஆனது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடிய ஒரு பெண்ணின் பெயரில், பட்டத்தைத் தாலித் தங்கத்தோடு முடிச்சுப் போட்டுக் கொடுத்தோம். 2022 வரை அதுதான் நிலை. அந்த ஆண்டு அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. புதுமைப்பெண் என்ற பெயரில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி போகிறவளுக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது. என்னைக் கேட்டால் கடந்த முப்பது ஆண்டில் நடந்த நல்ல காரியங்களில் இது ஒன்று. பணம் கல்யாண மேடையிலிருந்து வகுப்பறைக்கு இடம் மாறியது. சில வீடுகளில் இந்த 1,000 ரூபாய்க்கும் நகைச்சீட்டுப் புத்தகம் தயாராக இருப்பது வேறு விஷயம்.

"பொண்ணுங்கதான் இப்ப எல்லா எடத்துலயும் முன்னாடி இருக்காங்களே, இன்னும் என்ன?" என்று ஆசிரியர் ஓய்வறையில் கேட்கிற ஆண் சகாக்கள் உண்டு. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47.3, ஆண்களுடையது 46.8. மகிழ்ச்சிதான். கல்லூரி வாசலை மிதித்தாள் என்பதற்கு அது சான்று. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், அதை யார் தீர்மானித்தது, முடித்த பிறகு அந்தப் பட்டம் சம்பளமாயிற்றா, பத்திரிகையில் ஒரு வரியாயிற்றா என்று அந்த எண் சொல்லாது. பத்திரிகை என்றது கல்யாணப் பத்திரிகையை.

'பெண்களுக்கு ஏற்ற வேலை' என்ற சொற்றொடருக்கு வருகிறேன். அதில் நானே உட்கார்ந்திருக்கிறேன். எம்.எஸ்ஸி. முடித்தபோது எனக்கு ஆய்வுக்குப் போக ஆசை. வீட்டில் பி.எட். என்றார்கள். "லீவு நெறைய, நாலரைக்கு வீட்டுக்கு வந்துரலாம்." எனக்கு இந்த வேலை பிடித்துப் போனது என் அதிர்ஷ்டம். ஆனால் அந்த நாலரை மணி எனக்காகப் பார்த்து வைத்த நேரமல்ல. நாலரைக்கு அடுப்பு பற்ற வேண்டும். 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் கொடுக்கிறாள், ஆண் 97 நிமிடம். அதிலும் வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் அந்த 97இல் சேர்த்தி இல்லை. ஏற்ற வேலை என்றால் இந்த ஐந்து மணி நேரத்துக்கு இடைஞ்சல் இல்லாத வேலை என்று பொருள். பெண்ணின் குணத்துக்கு ஏற்றது, பொறுமைக்கு ஏற்றது, தாய்மைக்கு ஏற்றது என்பதெல்லாம் அதன் மேல் சுற்றிய ஜிகினா. செவிலியர் வேலைக்கு இரவுப் பணி உண்டு. அங்கே மட்டும் இருட்டு யாருக்கும் உறுத்துவதில்லை, அந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கப் போகும் வரை.

சாதனைப் பெண்களின் படங்களை வகுப்பில் மாட்டினால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு லலிதாவின் கதையை நான் வேறு மாதிரிச் சொல்வேன். அ. லலிதா சென்னையில் 1919இல் பிறந்த தெலுங்குக் குடும்பத்துப் பெண். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கைக்குழந்தையோடு விதவை. கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து 1943இல் முடித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டுப் பெண்பாலைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இவ்வளவையும் சொல்லிக் கைதட்ட வைக்கிறவர்கள் ஒன்றை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அவருடைய அப்பா அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளுக்காகக் கல்லூரி முதல்வரிடம் போய்ப் பேசியவர் அவர்தான். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமியின் அப்பாவும் ஒரு கல்லூரி முதல்வராக இருந்தவர். இதனால் அந்தப் பெண்களின் திறமை ஒரு பொட்டுக்கூடக் குறையாது. ஆனால் நீயும் அவர்களைப் போல் ஆகலாம் என்று சாலை போடாத ஊர்ப் பிள்ளையிடம் சொல்லும்போது, 'உனக்கும் அப்படி ஓர் அப்பா வாய்த்தால்' என்ற பாதி வாக்கியத்தை நாம் முழுங்குகிறோம். பிறகு அவள் ஆகாமல் போனால் அவளுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்கிறோம்.

வாய்க்காத இடத்தில் அம்மாக்கள்தான் சுவரில் துளை போடுகிறார்கள். அம்மாக்களே காவலாகவும் நிற்பதுண்டு; ஊர் பேசினால் முதலில் கேள்வி அவர்களிடம்தான் வரும் என்பதால். ஆனாலும் ஒரு அம்மாவை மறக்க முடியாது. மத்தியானம், தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து அரை நாள் சொல்லிவிட்டு மகளோடு வந்தார். "எனக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும் டீச்சர். குரூப்ப நீங்க எழுதுங்க. அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன்." ஃபர்ஸ்ட் குரூப் எழுதினேன். அந்தப் பிள்ளை இன்று ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள். அவுககிட்ட அந்த அம்மா எப்படிச் சொன்னார், அதற்கு என்ன கிடைத்தது என்று பின்னால் ஒரு முறை கேட்டேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

வேலைக்குப் போய்விட்டால் கணக்கு தீர்ந்துவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கைப்பேசித் தொழிற்சாலை ஒன்றில் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024இல் செய்தி வந்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. வீடு, கல்யாணம் வரை போ என்கிறது. கம்பெனியும் கல்யாணம் வரை வா என்கிறது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது போல அவளுக்கு ஐந்தாறு வருடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். தன் அக்காவைப் பார்த்துக்கொண்டுதான் அவள் காமர்ஸ் பிடிக்கும் என்கிறாள்.

பையன்களுக்கும் நெருக்கடி உண்டு என்பார்கள். உண்டு. ஓவியம் வரைகிறவனை இன்ஜினியரிங்கில் தள்ளுவதைப் பார்க்கிறோம். அவனை வெளியே போகச் சொல்லித் தள்ளுகிறார்கள், சம்பாதிக்கச் சொல்லி. அவளைச் சாயங்காலத்துக்குள் வந்துவிடச் சொல்லித் தள்ளுகிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

2022இல் வந்த நான் முதல்வன் திட்டத்தால் எங்கள் பிள்ளைகள் நான் கேள்விப்படாத படிப்பின் பெயர்களெல்லாம் சொல்கிறார்கள். தகவல் சேர்ந்துவிட்டது. அந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் யாரிடம் போய் நிற்கப் போகிறாள் என்பதுதான் மிச்சம். வழிகாட்டி முகாமை இனி அப்பாக்களுக்கு நடத்துங்கள், அவர்களுக்கு வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில். அவர்களிடம் கனவைக் கேட்க வேண்டாம். மகனுக்காக வாங்கிய கடன் எவ்வளவு, மகளுக்காக வாங்கியது எவ்வளவு, அதில் படிப்புக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மகன் எட்டு மணி பஸ்ஸில் வரலாம், மகள் ஏன் கூடாது என்று கேளுங்கள். 'பாதுகாப்பு' என்று பதில் வந்தால், யாரிடமிருந்து என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். பக்கத்து ஆண்கள் பள்ளியில் போய், கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் வீட்டில் இரவுச் சமையல் யார் என்று பையன்களிடம் கேளுங்கள். அந்தப் பதிலும் என் மாணவியின் தொழிலைத் தீர்மானிக்கிறது.

ஸ்பெஷல் கிளாஸை நாங்களே மாற்றலாம். மாலையில் வைத்ததைப் போன வருடம் மதிய இடைவேளையிலும் காலையிலுமாகப் பிரித்தோம். ஃபர்ஸ்ட் குரூப்பில் ஒன்பது பிள்ளைகள் கூடினார்கள். அந்த அஞ்சே முக்கால் பஸ்ஸை ஆறரைக்கு மாற்றக் கேட்டு டிப்போவுக்கு மனுவும் கொடுத்தோம். அந்த டிரிப்புக்கு கலெக்‌ஷன் இல்லை என்று பதில் வந்தது. மனுவில் 61 கையெழுத்து, அதில் அம்மாக்கள் 57, அப்பாக்கள் 4. இந்த ஜூனில் அடுத்த மனு. அதை அப்பாக்கள் கையால்தான் எழுத வைக்கப் போகிறேன். சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்து நீட்டிவிடுவதாக உத்தேசம்.